வாட்டுக்குப் பதிமூன்று காசு

எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் மூன்றுதான். கண்ணாடி மேல் எந்தக் குற்றமும் இல்லை.

'இந்த வாரம் சோலார் பேனல் விலை: வாட்டுக்கு 13 காசு.'

பதினெட்டு என்று அடிக்க வேண்டியது. போன வாரமும் பதினெட்டு. அதற்கு முந்தின வாரம் பத்தொன்பது. பதினெட்டு என்றுதான் அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தார். விரல் மட்டும் தனக்குத் தோன்றியதை அடித்துவிட்டது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சோலார் வியாபாரத்தில் இருக்கிற யாருக்கும் அது தெரியாது. வாரந்தோறும் 'சந்தை நிலவரம்' எழுதுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'நிலவரம்'. "நிலவரம் என்ன சொல்றார்?" என்று கேட்காமல் ஒரு பேனல்கூடக் கைமாறாது.

அந்தத் தொழிலில் பேனலை எண்ணி விற்பதில்லை. அது எத்தனை வாட் மின்சாரம் தரும் என்று கணக்குப் போட்டு, வாட்டுக்கு இத்தனை காசு என்று விற்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் தேவைக்கு மேல் செய்து குவிக்கின்றன. கப்பல் கிளம்பும்போது ஒரு விலை, நடுக்கடலில் ஒரு விலை, துறைமுகத்துக்கு வரும்போது இன்னொரு விலை. சரக்குக்கு ஆர்டர் கொடுத்தவன் கப்பல் வந்து சேரும்வரை சரியாகத் தூங்கமாட்டான். வந்து சேர்ந்த பிறகு சுத்தமாகத் தூங்கமாட்டான்.

அப்படிப்பட்டவர்களிடம் போய் ஒரே வாரத்தில் ஐந்து காசு இறங்கிவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும்?

நிலவரம் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். அனுப்பக் கொடுத்துவிட்ட அறிக்கை வெளியே போகிற நேரம் தாண்டியிருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு டெஸ்பாட்ச் அறைக்கு ஓடினார்.

அறிக்கையைச் சந்தாதாரர்களுக்கு அனுப்புவது டெஸ்பாட்ச் அம்மாவின் வேலை. தபாலில் அனுப்பிய காலத்திலிருந்து அவர்தான் அனுப்புகிறார். நாற்காலி காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் அணைக்கப்பட்டிருந்தது. மேஜை துடைத்து வைத்தது போலிருந்தது.

"அந்த அம்மா எங்கே?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"பல் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க சார். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே போனாங்க. பல்லைப் பிடுங்கணுமாம்."

"அறிக்கையை அனுப்பிட்டாங்களா?"

வாட்ச்மேன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? வேலையை முடிக்காம அந்த அம்மா எழுந்திருக்கவே மாட்டாங்களே!"

அதுவும் உண்மைதான். நிலவரம் அவருடைய செல்லுக்கு அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர் எப்படி எடுப்பார்?

நிறுவனத்தின் முதலாளியான மேடமும் ஊரில் இல்லை. விமானத்தில் இருந்தார். மாலையில்தான் வருவார். அதுவரை பூமியில் நடப்பது எதுவும் அவருக்கு எட்டாது. நிலவரத்துக்கு அதில் பாதி நிம்மதி, பாதி பயம்.

யார் அறிக்கையைப் படித்துவிட்டார்கள், யார் இன்னும் படிக்கவில்லை? படிக்காதவர்களை முதலில் பிடித்துவிட வேண்டும். அதிலும் முக்கியமான ஒருவர் இருந்தார். நிலவரத்தின் தங்கையுடைய கணவர்.

மாப்பிள்ளை கடையை விரிவாக்குகிறேன் என்று குடியிருக்கும் வீட்டை வங்கியில் அடமானம் வைத்து இரண்டு கண்டெய்னர் பேனல் வாங்கியிருந்தார். அந்தக் கப்பல் இன்றைக்கோ நாளைக்கோ துறைமுகத்துக்கு வந்துவிடும். இந்த நேரத்தில் அவர் கண்ணில் பதிமூன்று பட்டால் ஆள் சாய்ந்துவிடுவார்.

"மாப்பிள்ளை, நான்தான் பேசறேன்."

"சொல்லுங்க மச்சான். என்ன காலையிலேயே?"

"இன்னிக்கு அறிக்கையைப் பாத்தீங்களா?"

"இல்லையே. இப்பதான் கடையைத் திறந்தேன். பாக்கறேன்."

"வேண்டாம்! பாக்காதீங்க!"

"ஏன் மச்சான்?"

"பாத்தா பதறிடுவீங்க. அதுல பதிமூணுன்னு இருக்கும். அதை நம்பாதீங்க. பதினெட்டுதான்."

"பதிமூணா!"

"பதினெட்டு."

"பதிமூணுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"பதினெட்டுன்னு சொல்றது?"

"அதுவும் நான்தான்."

மாப்பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. "மச்சான், ஊருக்கெல்லாம் உண்மையை எழுதிட்டு, சொந்தக்காரன் மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு எனக்கு மட்டும் பதினெட்டுன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

"சத்தியமா இல்ல மாப்பிள்ளை!"

"உங்க குரல் ஏன் நடுங்குது?"

"நடுங்கல."

"நடுங்குது மச்சான். எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட உங்க குரல் இப்படி நடுங்கல." போன் வைக்கப்பட்டது.

நிலவரம் திரும்ப அடித்தார். லைன் பிஸி. மறுபடி அடித்தார். பிஸி. மூச்சு வாங்குவதற்குள் தங்கையே கூப்பிட்டாள்.

"அண்ணா, அவர்கிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லம்மா. விலை மாறல, பதினெட்டுதான்னு சொன்னேன்."

"அதைச் சொன்னதுக்கா மனுஷன் இப்படி வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கறார்? ரெண்டு போனையும் ரெண்டு காதுல வச்சுக்கிட்டு யார் யார்கிட்டயோ கெஞ்சறார். அண்ணா, நிஜத்தைச் சொல்லு. வீடு போயிடுமா?"

"ஏம்மா இப்படிப் பேசறே? எதுவும் போகாது. அவரை விக்க வேண்டாம்னு மட்டும் சொல்லு. இன்னிக்கு ஒரு நாள் பேசாம இருக்கச் சொல்லு."

"இன்னிக்கு ஒரு நாள்னா, நாளைக்கு?"

அவருக்கு வாயில் பதில் வரவில்லை. வராததையே தங்கை பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை சரக்கை விற்கத் துணிந்தால் முதலில் யாரிடம் போவார் என்று நிலவரத்துக்குத் தெரியும். துறைமுகத்தை ஒட்டிப் பெரிய பெரிய குடோன்களாகக் கட்டி வைத்திருக்கிறவரிடம்தான் போவார். குடோன்காரர் என்று சொன்னால் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் அவர் ஒருவர்தான். அவர் தும்மினால் சந்தைக்குச் சளி பிடிக்கும். நிலவரம் அவரைப் போனில் பிடித்தார்.

"வணக்கம் சார். இன்னிக்கு அறிக்கையைப் பாத்தீங்களா?"

குடோன்காரருக்கு ஒரு குணம் உண்டு. தனக்குத் தெரியாத சேதி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

"பாத்தாச்சே. வந்த உடனேயே பாத்தாச்சு."

நிலவரத்துக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. எல்லோருக்கும் போய்விட்டது, படித்தும் விட்டார்கள்.

"அதுல போட்டிருக்கற விலை விஷயமாத்தான்..."

"ஆமா, விலை. சொல்லுங்க."

"பதிமூணுன்னு..."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"பதிமூணு... ஆமாமா. பாத்தேனே. பதிமூணு."

"அது தப்பு சார்."

"தப்புதான்! ரொம்பத் தப்பு. இப்படி ஒரேயடியா சரிஞ்சா நாங்கல்லாம் எங்க போறது?"

"ஐயோ, நான் சொல்றது எண் தப்பு."

"எண் தப்புன்னா?" குடோன்காரரின் குரல் தணிந்தது. "பதிமூணுக்கும் கீழயா?"

"இல்ல சார்! மேல!"

"இருங்க, இருங்க. உங்க மாப்பிள்ளை இப்பதான் கூப்பிட்டார். கடல்ல வர்ற ரெண்டு கண்டெய்னரையும் பதினாறுக்கு எடுத்துக்கறீங்களான்னு கேட்டார். ஆளுக்குப் பைத்தியமான்னு நினைச்சு வச்சுட்டேன். நிலவரத்தோட சொந்த மாப்பிள்ளையே தள்ளி விடறார்னா... இப்பல்ல புரியுது!"

"சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

"உங்க வீட்டுல பொண்ணு எடுத்தவருக்குத் தெரியாதது வேற யாருக்குத் தெரியும்? ரொம்ப நன்றி சார். மறக்கமாட்டேன்."

போனை மேஜையில் வைத்துவிட்டு நிலவரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும்.

வியாபாரிகள் எல்லோரும் இருக்கிற குரூப் ஒன்று அவர் செல்லில் இருந்தது. அதில் எழுதினார்: 'திருத்தம். இன்று காலை அறிக்கையில் விலை தவறாக வந்துவிட்டது. வாட்டுக்கு 18 காசு என்பதே சரி. 13 அல்ல. வருந்துகிறோம்.' அனுப்புவதற்கு முன்னால் எண்களைப் பெரிதாக்கிப் பார்த்தார், வாட்ச்மேனையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். இந்த முறை எட்டு எட்டாகவே இருந்தது.

அனுப்பியதும் குரூப் அமைதியானது. அவருக்கு உயிர் வந்தது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

முதலில் ஒருவர் கேட்டார்: 'எந்த அறிக்கை?'

'காலையில வந்துதே, அதான்' என்றார் இன்னொருவர்.

'எனக்கு வரலையே.'

'எனக்கும் வரல.'

'குடோன்காரர் பாத்துட்டாராம். அவரே சொன்னார்.'

'அப்போ பெரிய ஆளுங்களுக்கு மட்டும் முதல்ல அனுப்பியிருக்காங்க.'

'இல்லப்பா. எல்லாருக்கும் அனுப்பிட்டு உடனே அழிச்சிருக்காங்க.'

'எதுக்கு அழிக்கணும்?'

'உண்மையா இருந்ததால.'

'பதினெட்டுன்னு மாத்தச் சொல்லி யாரோ அமுக்கியிருக்காங்க.'

'இது நிலவரம் இல்ல, கலவரம்' என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கை தட்டினார்கள்.

நிலவரம் பதறிப்போய், 'யாரும் அமுக்கவில்லை' என்று எழுதினார். அதற்கு வந்த ஒரே பதில்: 'புரியுது சார். உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது.'

நேரம் ஆக ஆக விலை இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். பதினாறுக்குத் தருகிறேன் என்று ஒருவர் குரூப்பில் போட்டார். இன்னொருவர் பதினைந்தரை என்றார். தொழிலே தெரியாத எவனோ பதினைந்துக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை மதியம் நிலவரம் திறக்கவே இல்லை.

இனி தன் வாயால் சொல்லிப் பயனில்லை, தயாரிக்கிறவனே வந்து சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு இங்கே ஒரு ஏஜென்ட் இருந்தார். நாசூக்காகப் பேசுகிறவர், சொன்ன வார்த்தை மாறாதவர்.

"சார், ஒரு உதவி. குரூப்புல ஒரே ஒரு வரி போடுங்க. எங்க விலை மாறலன்னு."

"தாராளமா. அதுக்கென்ன? ஆமா, திடீர்னு எதுக்கு?"

"இங்க எல்லாரும் பதிமூணு பதிமூணுன்னு..."

"பதிமூணா?" நாசூக்கு காணாமல் போனது. "யார் கொடுக்கறா?"

"யாருமே கொடுக்கல சார்."

"யாருமே கொடுக்காம ஒரு விலை எப்படி வரும்? எங்க பக்கத்துத் தொழிற்சாலைக்காரங்கதானே?"

"இல்லவே இல்ல சார்."

"நீங்க பேரைச் சொல்லமாட்டீங்க. அது உங்க தொழில் தர்மம். நான் கேக்கவும் கூடாது. ஆனா எங்க கிடங்குல சரக்கு கூரையைத் தொட்டுக்கிட்டு நிக்குது சார். அவங்க பதிமூணுக்கு இறங்கி ஆர்டரையெல்லாம் அள்ளிட்டா நாங்க தலையில துண்டைப் போட்டுக்கவேண்டியதுதான். இருங்க. நீங்க கேட்ட மாதிரியே ஒரு வரி போட்டுடறேன்."

போட்டார். 'நிலவரம் அவர்களுடன் பேசி முடிவு செய்தபடி, இன்று ஒரு நாள் மட்டும் எங்கள் விலை: வாட்டுக்குப் பதினாலரை.'

அதுவரை அது வெறும் பேச்சாக இருந்தது. தொழிற்சாலையே சொல்லிவிட்ட பிறகு கேட்கவேண்டுமா? அலுவலகத்தின் எல்லாப் போன்களும் சேர்ந்து அலறின. எதை எடுப்பது என்று தெரியாமல் அவர் ஒன்றை எடுத்தார். கப்பல் கம்பெனி ஏஜென்ட்.

"சார், கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நிக்குது. என் கண்டெய்னரை இறக்காதேன்னு பாதிப் பேர் கத்தறாங்க. உடனே இறக்குன்னு பாதிப் பேர் கத்தறாங்க. சிலர் அப்படியே அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோயிடுன்னு சொல்றாங்க. நான் கேப்டன்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

"என்னைக் கேட்டா எப்படிங்க?"

"எல்லாரும் நிலவரத்தைக் கேட்டுக்கோங்கன்னுதானே சொல்றாங்க? கேப்டன்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நிலவரம் சரியில்லன்னு. அவர் வானிலை நிலவரம்னு நினைச்சுட்டு, புயலா வருதுன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லிட்டேன் சார். இப்போ நங்கூரம் போட்டு நிக்கறார்."

நிலவரம் போனை வைத்தார். மாப்பிள்ளையின் இரண்டு கண்டெய்னரும் அந்தக் கப்பலில்தான் இருந்தன. தங்கை அந்த வீட்டுக்குக் குடிபோன அன்று சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று தன்னையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டை ஒற்றை விரலால் இடித்துவிட்டோமே என்று நினைத்தபோது அவரால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

கதவு திறந்தது. குடோன்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

வழக்கமாக அவர் வருவதற்கு முன்னால் அவர் குரல் வரும். இன்று ஒன்றும் பேசாமல் வந்து எதிரே உட்கார்ந்தார். மேஜையிலிருந்த தண்ணீரை, அது யாருடையது என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் குடித்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"உங்களைக் குறை சொல்ல வரல" என்றார். "சரக்கு வாங்கி அடுக்கினது நான். பேராசைப்பட்டதும் நான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதோட நிக்குமா, இன்னும் இறங்குமா?"

அந்தப் பெரிய உருவம் அப்படிக் கேட்டபோது நிலவரம், இவரிடமாவது உண்மையைப் புரியவைத்துவிட வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், என் முகத்தைப் பாருங்க. நான் டைப் அடிக்கறப்ப எட்டுக்குப் பதிலா மூணை அடிச்சிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. விலை இறங்கவே இல்ல. என் விரல் செஞ்ச தப்பு."

குடோன்காரர் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நல்லவர் சார். ஊரே பதறுதுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க. இந்தக் காலத்துல யார் செய்வா?"

"சார், அது தியாகமில்ல சார், தப்பு!"

"தொழிற்சாலைக்காரனே பதினாலரைன்னு சொல்றான். அவனோட விரலும் தப்பா அடிச்சிருச்சா?"

நிலவரம் வாயைத் திறப்பதற்குள் குடோன்காரரின் செல் அடித்தது. எடுத்தார். அவருடைய மேனேஜர் கத்துவது இந்தப் பக்கம் வரை கேட்டது. பள்ளிக்கூடக் கூரைகளுக்குப் பேனல் மாட்டுகிற காண்டிராக்டர் ஒருவர் ஒரு குடோன் சரக்கை அப்படியே கேட்கிறார், பதிமூன்றுக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்கிறார்.

"கொடுக்காதீங்க சார்!" நிலவரம் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு வாரம் பொறுங்க. பழையபடி ஏறிடும். உங்க கால்ல வேணாலும் விழறேன்."

குடோன்காரர் செல்லில் சொன்னார்: "உடனே கொடுத்துரு. இவர் ஏறும்னு சொல்றார். காலையிலேருந்து இவர் ஏறும்னு சொல்லச் சொல்லத்தான் இறங்கிக்கிட்டே இருக்கு."

போகும்போது கதவருகில் நின்று ஒரு கும்பிடு போட்டார். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவர் இறங்குவதை நிலவரம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். குரூப்பைத் திறந்தார். எல்லோரும் ஒரே விலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிமூன்று.

சந்தை மூடியது. இனிமேல் சரிசெய்ய எதுவும் இல்லை. மேடம் வந்ததும் நடந்ததை நடந்தபடி சொல்லி, வேலையை விட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடம் வந்துவிட்டார். விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறார். கையில் பெட்டி. முகத்தில் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க நிலவரத்துக்குத் தைரியம் இல்லை.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும். காலையில..."

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் மேடம். "விமானத்தை விட்டு இறங்கினதுலேருந்து போன் மேல போன். காலையிலேயே பதிமூணுன்னு சொன்னீங்களாமே?"

"மேடம், அது நான் வேணும்னு செய்யல..."

"சந்தை மூடறப்ப என்ன விலை?"

"பதிமூணு."

"அதைத்தான் சொல்றேன்!" மேடம் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கை தட்டினார். "தொழில்ல இவ்வளவு பேர் இருக்காங்க. ஒருத்தருக்காவது காலையில இது தெரிஞ்சுதா? நீங்க ஒருத்தர்தானே சொன்னீங்க! புதுசா எத்தனை பேர் சந்தா கட்டறேன்னு சொல்றாங்க தெரியுமா? இத்தனை நாள் உங்களைச் சாதாரணமா நினைச்சிருந்தேன். மன்னிச்சுக்கோங்க."

"மேடம், உண்மையில..."

"அடக்கமெல்லாம் அப்புறம். அந்த அறிக்கையில எனக்கு ஒரு பிரதி வேணும். கண்ணாடி போட்டு என் அறையில மாட்டப்போறேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நிலவரம் நின்ற இடத்திலேயே நின்றார். மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். செல் அடித்தது. மாப்பிள்ளை. எடுக்கலாமா வேண்டாமா என்று தடுமாறி, வருவது வரட்டும் என்று எடுத்தார்.

"மச்சான், நீங்க இருக்கற திசையைப் பாத்துக் கும்பிடறேன்!"

"மாப்பிள்ளை?"

"மதியமே ரெண்டு கண்டெய்னரையும் பதினஞ்சரைக்குத் தள்ளிட்டேன். நஷ்டம்தான். வயிறு எரிஞ்சுது. ஆனா இப்போ அதே சரக்கு பதிமூணுக்குக் கிடைக்குது! சந்தை மூடறதுக்குள்ள திரும்ப வாங்கிட்டேன். போன நஷ்டம் போனதுதான், ஆனா கடைக்குச் சரக்கு மலிவா வந்துருச்சு. விடிஞ்சதும் ஆளுங்க வரிசையில நிப்பாங்க. வீடு தப்பிச்சுது மச்சான்!"

"நான் விக்க வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"வாய்தான் சொல்லுச்சு. குரல் வேற சொல்லுச்சே! வெளிப்படையா சொன்னா தொழிலுக்குத் துரோகம், சொல்லாம இருந்தா தங்கச்சிக்குத் துரோகம். ரெண்டும் இல்லாம எப்படிச் சொன்னீங்க பாருங்க!"

தங்கை செல்லைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணா..." என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே சிரித்தாள். "காலையில உன்னை மனசுக்குள்ள எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா?"

செல்லை வைத்துவிட்டு நிலவரம் மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக முதுகைச் சாய்த்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். ஆறிப்போன சோறு அமிர்தமாக இருந்தது.

சாப்பிடச் சாப்பிட அவருக்குள் ஓர் எண்ணம் முளைத்தது. இத்தனை வருஷம் இந்தச் சந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தலைக்கு எட்டாதது விரலுக்கு எட்டியிருக்கக் கூடாதா? மனம் பதினெட்டு என்று சொன்னபோதும் விரல் போய் மூன்றின்மேல் நின்றதே, அது சும்மாவா? அறிக்கையைப் படித்தார்கள், அதில் உண்மை இருந்தது, அதனால் இறங்கியது. வேறென்ன? குடோன்காரரை நினைத்தபோது மட்டும் சோறு தொண்டையில் நின்றது. ஆனால் அவரும் கும்பிட்டுவிட்டுத்தானே போனார்? தன் வலது கை ஆள்காட்டி விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரவாயில்லை, நல்ல விரல்தான்.

கதவு இரண்டு அங்குலம் திறந்தது. டெஸ்பாட்ச் அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு பக்கக் கன்னம் பந்து போல வீங்கியிருந்தது.

"வாங்கம்மா, வாங்க!" நிலவரம் உபசரித்தார். "பல்லைப் பிடுங்கிட்டாங்களா? ரொம்ப வலிக்குதா? ஏன் சிரமப்பட்டு வந்தீங்க? நேரா வீட்டுக்குப் போயிருக்கலாமே!"

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மேடத்தின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பல் வலியால்தான் என்று நிலவரம் நினைத்தார்.

"சார், என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க, காலையில இருந்த பல்வலியில உங்க அறிக்கையை ஒருத்தருக்கும் அனுப்பாமலே போயிட்டேன், மேடத்துக்குத் தெரியறதுக்குள்ள இப்பவாவது அனுப்பிடட்டுமா?"